சுகந்தி யாருக்குச் சொந்தம்?

தேயிலை ஊருக்கு வந்து, பேக்கரியில் உட்கார்ந்து, "ஒரு ஃபில்டர் காபி" என்று ஆர்டர் செய்கிற மனிதரை என்ன செய்வது?

சில மாதங்களுக்கு முன்னால் குன்னூர் மவுண்ட் ரோட்டில் அப்படி ஒருவர் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார். பெயர் வினோத். சென்னையில் ஒரு வெப்சைட் கம்பெனியில் வேலை. வெளியே நல்ல வெயில். பேக்கரியில் குரங்குக் குல்லா போட்டிருந்தது அவர் ஒருவர்தான்.

என் பக்கத்தில் தோழி கிரேசி. எங்கள் ஊர் பிஸ்கட்டான வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னாள்:

"ஏனுங்க, மலைக்கு வர்றவங்க எல்லாம் காபி குடிச்சா எங்க ஃபேக்டரி மூடாம என்ன பண்ணுமுங்க?"

வினோத் சிரித்தார். ஜோக் என்று நினைத்துவிட்டார். பாதிதான் ஜோக். கிரேசி கணக்கெழுதிக்கொண்டிருந்த தேயிலை ஃபேக்டரி நிஜமாகவே மூடிவிட்டது. கொழுந்து விலை சரிந்து கிடக்கிற இந்தக் காலத்தில் அது பெரிய செய்தி இல்லை. முதலில் ஒரு ஷிஃப்ட் நிற்கும். அப்புறம் வாரத்தில் பாதி நாள் புகைபோக்கி சும்மா நிற்கும். அப்புறம் வாட்ச்மேன் மட்டும் இருப்பார். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில் இப்படி எத்தனையோ பார்க்கலாம்.

கிரேசி குடியிருந்தது ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். வேலை போனதோடு வீடும் போகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் சித்தப்பா மகன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். மாதம் முடிவதற்குள் ஒரு பதில் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, அவள் - மூன்று பேரும் மலையை விட்டு இறங்குவதா, வேண்டாமா?

இறங்க வேண்டாம் என்று சொல்லத்தான் வினோத் வந்திருந்தார். அவர் கையில் ஒரு வேலை இருந்தது. ஆனால் அதற்கு அவர் கேட்டது... அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உங்களுக்கும் ஒரு டிவி சீரியல் இருக்கும்தானே? திட்டிக்கொண்டே ஒரு நாள் விடாமல் பார்க்கிற சீரியல்? எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் பயம். அதில் சுகந்தி என்று ஒரு மருமகள். மாமியார் பங்கஜம் திட்டினால் முழுங்குவாள். புருஷன் திட்டினால் முழுங்குவாள். பக்கத்து வீட்டுக்காரி திட்டினாலும் முழுங்குவாள். வருடக்கணக்காக முழுங்கிக்கொண்டே இருக்கிற ஒரு பெண்ணுக்கு வயிறு நிரம்பாதா?

எஸ்டேட் ஆபீஸ்களுக்கும் ஃபேக்டரிகளுக்கும் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் தொழில். ஒருநாள் கிரேசியின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு போடப் போனேன். நோட்டீஸ் போர்டுக்குத் தமிழில் அடிக்க வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். வேலை முடிந்ததும் கிரேசி மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்க, இதுல மெயில் அனுப்ப முடியுங்களா? கொஞ்சம்... நீளமான மெயிலுங்க."

நீளமான மெயில் என்பது ஒரு கதை. அதில் சுகந்தி ஒரு நாள் காலையில் எழுந்து, பங்கஜத்தின் முகத்தைப் பார்த்து, "காபியை நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறுகிறாள். பர்லியார் வரை வந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு மங்குஸ்தான் பழம் வாங்கி, யாருக்கும் பங்கு கொடுக்காமல் முழுதாகத் தின்கிறாள். அவ்வளவுதான் கதை. படித்துவிட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இந்த மாதிரிக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். வேறு ஒருவர் படைத்த பாத்திரத்தை ரசிகர்கள் இரவல் வாங்கி, தங்கள் இஷ்டத்துக்குக் கதை எழுதுவது. உலகம் முழுக்க எழுதுகிறார்கள். காசு வாங்காமல் எழுதுகிறவரை நிஜச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

நான் ஒரு மெயில் குரூப் ஆரம்பித்தேன். சுகந்தியைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி ஒன்றிலிருந்து, அதாவது படகர் கிராமத்திலிருந்து, பிரேமா அக்கா. படகர், பி.எஸ்ஸி. படித்துவிட்டுச் சொந்தத் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய கதைகளில் சுகந்திக்கு இரண்டு ஏக்கர் தேயிலை உண்டு, கொழுந்து வாங்க வரும் ஏஜென்ட்டோடு தினம் சண்டை உண்டு. கூடலூரிலிருந்து சுமதி டீச்சர். அவருடைய சுகந்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பாள். அங்கே ஹெட்மாஸ்டர் பெயர் பங்கஜம். இன்னும் கோவை, ஈரோடு, துபாய் என்று பலர். எழுதியதை எல்லாம் சேர்த்து வைக்க நானே ஒரு சின்ன வெப்சைட்டும் போட்டேன். அதன் சாவி, அதாவது பாஸ்வேர்டு, என்னிடம்.

எங்கள் குரூப்பில் ஒரு விசித்திரமான விதி உண்டு. கதையை ஆரம்பித்தவர் முடிக்கக் கூடாது. முடிவை வேறு யாராவது எழுத வேண்டும்.

இந்த விதியை நாங்கள் மூளையைக் கசக்கி உண்டாக்கவில்லை. காற்றும் மழையும் உண்டாக்கின. ஒரு ஆனி மாதம், கிரேசி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கதை அடித்துக்கொண்டிருக்கிறாள். கதவு தட்டப்படுகிறது, சுகந்தி போய்த் திறக்கிறாள்... அந்த இடத்தில் லைட் மினுக்கியது. கிரேசி பதறி, அடித்தவரைக்கும் அனுப்பிவிட்டாள். அடுத்த நொடி கரண்ட் போனது. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. இங்கே மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது.

கரண்ட் வந்து கிரேசி மெயிலைத் திறந்தால், கதை முடிந்திருக்கிறது! கூடலூரில் கரண்ட் இருந்திருக்கிறது. சுமதி டீச்சர் பொறுமை இல்லாமல் முடித்துவிட்டார். கிரேசியின் மனதில், கதவுக்கு வெளியே புருஷன் மன்னிப்புக் கேட்டு நிற்பதாகத் திட்டம். டீச்சர் எழுதியதில் நின்றது சிலிண்டர்க்காரர். புருஷன் வந்திருந்தால்கூட சுகந்தி அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து அதுவே விதியானது. முடிவு நம் கையில் இல்லை என்று தெரிந்தால் மனுஷி எவ்வளவு தைரியமாக எழுதுகிறாள் தெரியுமா?

இப்போது பேக்கரிக்குத் திரும்புவோம்.

"மேடம், உங்க ஆர்கைவ் ஒரு கோல்டு மைன்," என்றார் வினோத், லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி. "எங்க சைட்ல இதெல்லாம் வந்தா லட்சம் பேர் படிப்பாங்க. ரேங்கிங், பரிசு, டிவியில இன்டர்வியூ... எல்லாம் உண்டு. எல்லாக் கதையையும் அப்படியே எங்களுக்கு மாத்திக் குடுங்க. கிரேசி மேடத்துக்கு கம்யூனிட்டி மேனேஜர் போஸ்ட். குன்னூர்ல இருந்தே வேலை பார்க்கலாம்."

கிரேசி என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த வர்க்கித் தூளை விரலால் ஒரே இடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சின்ன டவுட்," என்றார் அவர். "ஒவ்வொரு கதைக்கும் ஆத்தர் யாருன்னு ஒரு பாக்ஸ் இருக்கு. ஒரு பேர்தான் போட முடியும். இந்த சிலிண்டர் கதை... யார் எழுதினது?"

"நானுங்க," என்றாள் கிரேசி. "இல்லீங்க... டீச்சருங்க. இல்ல... சிலிண்டர் வரைக்கும் நானுங்க."

"அதெல்லாம் பிரச்சினை இல்ல. யாராவது ஒருத்தர் பேரைப் போட்டுடுங்க."

பதினைந்து பக்க விதிமுறைகளைக் கொடுத்தார். ஆங்கிலத்தில். படித்துப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். இதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. பாவம், என்னைத் தெரியாது. மிக்ஸி வாங்கினால் கூட வருகிற புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் நான் சட்னி அரைப்பேன்.

அதோடு, நான் எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கிறவள். இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிறவர்களுக்கு இது புதிதில்லை. மளிகை முதல் மாப்பிள்ளை வரை எனக்குப் பட்டியல்தான். வீட்டுக்கு வந்து பேப்பரை நடுவில் மடித்து, இடப்பக்கம் 'அவர்களுக்கு', வலப்பக்கம் 'நமக்கு' என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். விளம்பர வருமானம் - அவர்களுக்கு. கதையைப் புத்தகம் போடும் உரிமை - அவர்களுக்கு. மாற்றி எழுதும் உரிமை - அவர்களுக்கு. வலப்பக்கம் ரொம்ப நேரம் காலியாகவே கிடந்தது.

எட்டாவது விதிக்கு வந்தபோதுதான் அங்கே எழுத எனக்கு ஒன்று கிடைத்தது. கதையை ஏற்றுகிறவர், 'இது முழுக்க முழுக்க என் ஒருத்தியின் சொந்தப் படைப்பு' என்று உறுதி சொல்ல வேண்டும். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் ஏற்றியவரே பொறுப்பு. கம்பெனியின் வக்கீல் ஃபீஸையும் அவரே கட்ட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். சுகந்தி டிவிக்காரர்களுடையவள். முடிவு இன்னொருத்தர் எழுதியது. எங்களில் ஒருத்தராவது, ஒரே ஒரு கதைக்காவது, அந்த உறுதியைச் சொல்ல முடியுமா? அத்தனை கதைகளையும் ஏற்றப்போகிற மேனேஜர் யார்? கிரேசி. அப்படியானால் அத்தனை பொய்க்கும் ஒரே கையெழுத்து - அவளுடையது.

இதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "குரூப்புல கேட்டுப் பாக்கலாமுங்க. எல்லாரோட கதையுந்தானே. ஆனா எனக்கு வேலை தர்றாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க," என்றாள்.

"ஏன்?"

"பாவம் பாத்துக் குடுத்தா அது சம்மதம் இல்லீங்க. நன்கொடை."

சரி என்றேன். வினோத் கதைகளைக் கேட்கிறார் என்று எழுதி, விதிகளையும், எட்டாவது விதிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, குரூப்புக்கு அனுப்பினேன்.

அப்புறம் நடந்ததற்குப் பெயர் சண்டை. நல்ல, ஆரோக்கியமான, எல்லோரும் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போடுகிற சண்டை.

சுமதி டீச்சர் ஆதரவு. "எத்தனை நாளைக்குத்தான் நமக்கு நாமே எழுதி நாமே கை தட்டிக்கொள்வது? என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேடை பயம் போகவேண்டும் என்கிறேன். எனக்கு முதலில் போகட்டும். லட்சம் பேர் படித்தால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று எழுதினார். நியாயமான கேள்விதானே? நானே தலையாட்டினேன்.

பிரேமா அக்கா எதிர்ப்பு. அவருடைய மெயில் எப்போதும் குட்டிதான். "டீச்சர், நாங்க கொழுந்தை இன்னைக்குக் குடுத்துட்டு விலையை அடுத்த மாசம் தெரிஞ்சுக்கறோம். கேட்டா ஏலத்துல விலை இல்லைங்கறாங்க. எனக்கு ஒரு ஏஜென்ட் போதும். கதைக்கும் ஒருத்தர் வேண்டாம்."

அதற்கு டீச்சர்: "பிரேமாவுக்கு வானத்தில் மேகம் வந்தாலும் கொழுந்து ஞாபகம்தான்."

அதற்கு அக்கா: "டீச்சருக்கு கை தட்டல்னா பள்ளிக்கூட மணி கூடக் காதுல விழாது."

துபாயிலிருந்து ஒருவர், சுகந்தி என்ன சொல்வாள் என்று ஒரு கதையே எழுதி அனுப்பினார். வழக்கம்போல முடிவில்லாமல். அதை யார் முடிப்பது என்பதில் தனிச் சண்டை.

இந்தக் களேபரம் முழுவதிலும் கிரேசி ஒரு வரி எழுதவில்லை. நாட்காட்டியில் மாதம் கரைந்துகொண்டிருந்தது. நான் குவார்ட்டர்ஸுக்குப் போன ஒரு மத்தியானம், அவளுடைய அம்மா பரணிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார். அண்டா இறங்கினால் அந்த வீடு புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்குத்தான் வினோத் ஒரு காரியம் செய்தார். குரூப்பில் ஏன் இவ்வளவு தாமதம் என்று பொறுமை இழந்து, எங்கள் வெப்சைட்டில் இருந்த குரூப் முகவரிக்கு அவரே ஒரு மெயில் தட்டிவிட்டார்: 'உங்கள் கிரேசி மேடமே எங்கள் மேனேஜராகப் போகிறார். அவருக்காகவாவது சீக்கிரம் சம்மதியுங்கள்.'

நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் எப்படிப் படிக்கும் அது? நாங்கள் இங்கே நியாயம் பேசிக்கொண்டிருக்க, கிரேசி அங்கே விலை பேசிவிட்டாள் என்றல்லவா படிக்கும்?

குரூப் அடங்கிப்போனது.

கொஞ்ச நேரத்தில், நான் அங்கே இருக்கும்போதே, கிரேசி வீட்டு போன் அடித்தது. பிரேமா அக்கா. அவருக்குக் குரல் எப்போதுமே ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கும்படிதான் வரும். கிரேசி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். எனக்கு எல்லாமே கேட்டது.

"ஏன் கிரேசி, உனக்குப் புது வேலைன்னா, ஃபேக்டரி மூடிட்டாங்களா?"

"ஆமாங்கக்கா."

"எப்போ?"

"கொஞ்ச நாளாச்சுங்கக்கா."

"எங்ககிட்ட ஏன் சொல்லலே?"

கிரேசி போன் ஒயரை விரலில் சுற்றினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். அந்த சுகந்தி எல்லாத்தையும் முழுங்கறா முழுங்கறான்னு நாம இத்தனை கதை எழுதினோம். அவளுக்கு வாய் குடுத்தவ நீ. உனக்கு ஒண்ணு வச்சுக்கலையா?"

கிரேசியின் அம்மா அண்டாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அக்கா, நான் உங்களை விக்கலைங்கக்கா..."

"நீ விக்க மாட்டே, எனக்குத் தெரியாதா? கூறு கெட்டவளே, என்னோட கதை அத்தனையும் எடுத்துக்கோ. நான் எழுதின முடிவுங்களையும் எடுத்துக்கோ. ஏஜென்ட்டைத்தான் எனக்குப் பிடிக்காது. உன்னைப் பிடிக்காதுன்னு எப்போ சொன்னேன்?"

போனை வைத்துவிட்டு கிரேசி சமையலறைக்குள் போய், கொஞ்சம் அதிக நேரம் முகம் கழுவினாள்.

அதற்கடுத்த நாட்களில் ஒவ்வொரு மெயிலாக வந்தது. சுமதி டீச்சர், "கை தட்டல் எனக்கு வேண்டாம், கிரேசிக்கு வேலை வரட்டும். என் பங்கு அவளுடையது," என்று எழுதினார். ஈரோடு சம்மதம். கோவை சம்மதம். துபாய், முடிவில்லாத கதையையும் சேர்த்து சம்மதம். எதிர்த்த அக்காதான் முதலில் கொடுத்தார் என்பதையும் நான் குறித்துக்கொண்டேன்.

நான் மட்டும்தான் பாக்கி. பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கிரேசியின் கையில் கொடுத்தேன். தொழில்முறையில் இது தப்பு என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்.

"எட்டாவது விதி ஞாபகம் இருக்கட்டும்," என்றேன்.

"மறக்க விடுவீங்களா நீங்க?" என்றாள்.

மறுபடியும் அதே பேக்கரி. இந்த முறை வினோத் குல்லாவை விட்டுவிட்டு வந்திருந்தார். டீ சொன்னார். முன்னேற்றம்.

"எல்லாரும் சம்மதிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். சூப்பர் மேடம்!" என்றார்.

"ஆமாங்க, எல்லாரும் குடுத்துட்டாங்க," என்றாள் கிரேசி. "எட்டாவது விதி மட்டும் ஒண்ணு இருக்குங்க."

"அதுவா? அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம்."

"ஃபார்மாலிட்டிதானுங்களே? அப்ப கோடு போட்டு அடிச்சிரலாமுங்க." கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

வினோத் பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வர்க்கியைப் பார்த்தேன்.

"மேடம், அதை அடிக்க எனக்கு பவர் இல்ல."

"அப்ப இதைக் குடுக்க எனக்கும் பவர் இல்லீங்க. கதையை அவங்க எனக்குக் குடுத்தாங்க. உங்க கம்பெனிக்குக் குடுக்கலைங்க. நான் மட்டும் மாட்டினாக்கூடப் பரவால்லீங்க. நாளைக்கு ஒருத்தர் கேஸ் போட்டா, முடிவு எழுதினது யாருன்னு டீச்சரையும் கூப்புடுவாங்க, அக்காவையும் கூப்புடுவாங்க. எனக்கு வேலை வேணும்ங்கறதுக்காக அவங்க கோர்ட்டுக்குப் போவணுங்களா?"

குரல் உயரவில்லை. கணக்கில் தப்பைக் கண்டுபிடித்த கிளார்க்கின் குரல். பேனாவை மூடி, பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு செயலோடு வேலையும் வீடும் கையைவிட்டுப் போகின்றன என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"கதை இல்லாம வேற வேலை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. எனக்கு வேலை வேணுமுங்க. நல்லா செய்வேன்."

இத்தனை வருடப் பழக்கத்தில் கிரேசி யாரிடமும் எதையும் இப்படி நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வினோத் கெட்டவர் இல்லை. தலையைச் சொறிந்தார். "விதிமுறைகளைத் தமிழ்ல போடணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டே இருக்காங்க. வெளியில குடுத்து ஒரு வெர்ஷன் வாங்கினோம்..." என்று இழுத்து, லேப்டாப்பில் காட்டினார்.

கிரேசி சத்தமாகவே படித்தாள். "'பதிவேற்றுநர், நிறுவனத்தினை யாதொரு உரிமைகோரலினின்றும் இழப்பீடுசெய்து தீங்கற்றதாய்ப் பேணக்கடவர்...' ஏனுங்க, யாருக்குங்க தீங்கு? யாருங்க பேணறது?"

"எங்களுக்கே புரியல மேடம்."

"நான் எழுதித் தரட்டுங்களா? படிச்சாப் புரியற மாதிரி?"

"வீட்ல இருக்கற லேடீஸுக்குக்கூடப் புரியணும் மேடம். அதான் எங்க டார்கெட்," என்றார் வினோத். ஒப்பந்த வேலை, செய்து காட்டினால் நிரந்தரம் ஆகலாம் என்றார். சரி என்றாள்.

அவர் அன்றைக்கு என்ன கேட்டார் என்பதை அவரே யோசித்திருக்க மாட்டார்.

எனக்கு நீண்ட நாளாக ஒரு சந்தேகம் உண்டு. தமிழில் சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவோம் என்கிற விஷயத்தை, ஆங்கிலத்தில் பதினைந்து பக்கமாகக் கொடுத்தால் நாம் ஏன் மரியாதையாகக் கையெழுத்துப் போடுகிறோம்? பேங்க், இன்ஷூரன்ஸ், செல்போன் சிம் - எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். படித்த நானும் நீங்களும்தான் போடுகிறோம். புரியாததால் இல்லை. புரிந்துவிட்டால் மறுக்க வேண்டியிருக்குமே என்று பயம்.

கிரேசி பதினைந்து பக்கத்தை நான்கு பக்கமாக்கினாள். அவள் கணக்கெழுதிய பெண். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று பார்த்துப் பழகியவள். ஒரு விதியையும் விடவில்லை, ஒரு வார்த்தையும் தன்னுடையதாகச் சேர்க்கவில்லை. வினோத்தின் ஆபீஸில் யாரும் படித்துப் பார்க்காமலே சைட்டில் போட்டுவிட்டார்கள். விதிமுறைகளை யார் படிப்பார்கள்?

எட்டாவது விதி இப்படி இருந்தது: 'உங்கள் கதையால் வருமானம் வந்தால் அது எங்களுடையது. உங்கள் கதையால் வழக்கு வந்தால் அது உங்களுடையது. எங்கள் வக்கீலுக்கும் நீங்கள்தான் ஃபீஸ் கட்ட வேண்டும். சம்மதம் என்றால் இங்கே அழுத்தவும்.'

யாரும் அழுத்தவில்லை.

மதுரையில் இதே மாதிரி ஒரு குரூப் இருக்கிறதாம். சிங்கப்பூரில் ஒன்று. அவர்களெல்லாம் ஏற்கெனவே ஆங்கிலத்தில் 'சம்மதம்' அழுத்தியவர்கள். இப்போது தமிழில் படித்துவிட்டு, கதைகளைத் திருப்பிக் கொடு என்று மெயில் மேல் மெயிலாகத் தாக்குகிறார்கள். 'இந்த விதியை எப்போது கொண்டுவந்தீர்கள்?' என்று கோபமாகக் கேட்கிறார்கள். விதி முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறது!

போன வாரம் வினோத் எனக்கு போன் செய்தார். குரலில் களைப்பு.

"மேடம், கிரேசி மேடம் மொழிபெயர்ப்பு ரொம்பத் தெளிவா இருக்கு."

"சந்தோஷம்."

"அதுதான் மேடம் பிரச்சினை. கொஞ்சம்... தெளிவு கம்மியா எழுதச் சொல்ல முடியுமா?"

"நீங்களே சொல்லலாமே?"

"சொன்னேன் மேடம். 'இங்கிலீஷ்ல இருக்கறதத்தானுங்க எழுதியிருக்கேன். தப்பு எங்கன்னு காட்டுங்க, திருத்தறேன்'னாங்க. எங்க லாயர்கிட்டக் காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"ஒரு தப்பும் இல்லைன்னுட்டார் மேடம். ஒரிஜினலே இப்பத்தான் தனக்கு முழுசாப் புரியுதுன்னார்."

உங்களுக்கும் இதே கேள்விதான் இருக்கும்: கிரேசியின் வேலை?

இருக்கிறது. அவளை அனுப்பிவிட்டால், என்ன காரணம் என்று அத்தனை குரூப்பும் கேட்கும். அதைவிட அவளை வைத்துக்கொண்டு பதில் எழுதச் சொல்வது நல்லது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. குன்னூருக்குப் பக்கத்திலேயே, வெலிங்டனில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு மாறிவிட்டார்கள். அண்டா அங்கேயும் பரணில் ஏறிவிட்டது. திருப்பூர்ச் சித்தப்பா மகனுக்கு 'வரவில்லை' என்று சொல்லியாயிற்று. எங்கள் கதைகள் எங்கள் பழைய வெப்சைட்டிலேயே இருக்கின்றன. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், தொழில் தர்மம்.

எட்டாவது விதியைத் திருத்தும் வேலை சென்னையில் மும்முரமாக நடக்கிறதாம் - தமிழில் அல்ல, ஆங்கிலத்தில்.